220 படங்களும் ஒரு வரி விடையும்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் அணு உலை பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, "துகள்கள் மோதும் கணக்குகளில், அதாவது சிதறல் வீச்சுக் கணக்குகளில், சிலவற்றை இன்று ஸ்ட்ரிங் தியரியிலிருந்து எடுத்த உத்திகளை வைத்துத்தான் போடுகிறார்கள்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலிருந்தும் கடிதங்கள் வந்துவிட்டன. சிலர் இன்லண்ட் லெட்டரில், சிலர் நோட்டுப் பக்கத்தைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில். பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்திய காலத்திலிருந்து நான் விடாமல் படித்துவரும் விஷயம் இது. அதனால் இந்த முறை மற்ற கேள்விகளைத் தள்ளிவைத்துவிட்டு இதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

பி.எஸ்சி. இயற்பியல் மாணவர், அரூர்: ஐயா, பன்னிரண்டாம் வகுப்பில் ரூதர்ஃபோர்டின் தங்கத்தகடு சோதனை படித்தோம். அதில் சிதறல் கோணம் வந்தது. 'சிதறல் வீச்சு' என்று ஒன்றும் வரவில்லையே?

அந்தச் சோதனையிலிருந்தே தொடங்கலாம் தம்பி. 1909இல் கெய்கரும் மார்ஸ்டனும் ஆல்ஃபா துகள்களைத் தங்கத்தகட்டின் மேல் விட்டு, எந்தக் கோணத்தில் எத்தனை வருகின்றன என்று இருட்டறையில் உட்கார்ந்து மினுக்கங்களை எண்ணினார்கள். 1911இல் ரூதர்ஃபோர்டு அந்த எண்ணிக்கைக்குச் சூத்திரம் கொடுத்தார். கோணத்தில் பாதியின் சைன் மதிப்பை எடுத்து நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால், எண்ணிக்கை அதற்குத் தலைகீழ் விகிதத்தில் இருக்கும். இன்றைக்கும் மோதல் சோதனை என்றால் வேலை அதுதான். எதை எதோடு மோதவிட்டோம், என்ன வெளியே வந்தது, எந்தப் பக்கம் வந்தது, எத்தனை தடவை வந்தது.

குவாண்டம் இயற்பியலில் இந்த எண்ணிக்கையை நேராகக் கணக்கிட வழியில்லை. முதலில் ஒரு கலப்பெண்ணைக் (மெய்ப்பகுதி, கற்பனைப்பகுதி இரண்டும் உள்ள எண்) கண்டுபிடிக்க வேண்டும். அதுதான் சிதறல் வீச்சு. ஒரே முடிவுக்குப் பல வழிகள் இருந்தால் ஒவ்வொரு வழிக்கும் ஒரு கலப்பெண். எல்லாவற்றையும் கூட்டிவிட்டு, கூட்டுத்தொகையின் மட்டு மதிப்பை வர்க்கப்படுத்தினால் நிகழ்தகவு கிடைக்கும். கூட்டுவதற்கு முன்னாலேயே வர்க்கம் எடுத்துவிட்டால் கணக்கு கெட்டுப்போகும். ஒன்றையொன்று அழிக்க வேண்டிய உறுப்புகள் அழியாமல் நின்றுவிடும். இந்த அழிதலை மனதில் வைத்துக்கொள். கீழே வரும் பதில்கள் எல்லாமே அதைச் சுற்றித்தான்.

பள்ளி ஆசிரியை, பாப்பிரெட்டிப்பட்டி: வீச்சைக் கணக்கிட ஃபெய்ன்மன் படங்கள் இருக்கின்றன என்று படித்திருக்கிறேன். நல்ல வழி ஒன்று இருக்கும்போது இன்னொரு வழி எதற்கு?

ஃபெய்ன்மன் 1940களின் கடைசியில் கொடுத்த அந்தப் படங்கள் பெரிய கொடை, அதில் சந்தேகமே இல்லை. துகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு, சந்திக்கும் இடத்தில் ஒரு புள்ளி, ஒவ்வொரு படத்துக்கும் ஒரு உறுப்பு. இரண்டு எலக்ட்ரான்கள் மோதிச் சிதறும் கணக்கில் முதல் படியில் இரண்டே படங்கள். கல்லூரியில் அதைப் போட்டுவிட்டு எல்லாம் இப்படித்தான் என்று நினைத்துவிடுகிறோம்.

சிக்கல் குளுவானில் வருகிறது. புரோட்டானுக்குள் குவார்க்குகளைக் கட்டிவைத்திருக்கும் துகள் அது. ஒளித்துகள் இன்னொரு ஒளித்துகளை நேராகத் தொடாது, குளுவான் தொடும். மூன்று குளுவான்கள் ஒரு புள்ளியில் சந்திக்கலாம், நான்கும் சந்திக்கலாம். அதனால் படங்கள் பெருகுகின்றன. இரண்டு குளுவான்கள் மோதி இரண்டு வெளியே வந்தால் 4 படங்கள். மூன்று வந்தால் 25. நான்கு வந்தால் 220. ஐந்துக்கு 2,485. ஆறுக்கு 34,300. எட்டு வெளியே வந்தால் 1,05,25,900. ஒரு கோடியைத் தாண்டிவிட்டது. இத்தனைக்கும் இது முதல் படி மட்டும்தான். துல்லியம் வேண்டுமென்றால் மூடிய வளையம் உள்ள படங்களையும் சேர்க்க வேண்டும். ஜெனீவா பக்கத்தில் பூமிக்கடியில் 27 கிலோமீட்டர் சுற்றளவில் இருக்கும் மோதுவளையத்தில், புரோட்டான்கள் மோதும்போது குளுவான்கள் இப்படிக் கூட்டமாகச் சிதறுவது சர்வ சாதாரணம். அந்தக் கூட்டத்தின் அளவைச் சரியாகக் கணக்கிட்டுக் கழிக்காமல் புதிய துகள் எதையும் கண்டுபிடித்ததாகச் சொல்ல முடியாது.

1980களின் நடுவில் அமெரிக்காவின் ஃபெர்மி ஆய்வகத்தில் ஸ்டீவன் பார்க், தோமாஷ் டெய்லர் என்ற இருவர் அந்த 220 படக் கணக்கில் இறங்கினார்கள். முடித்தும் விட்டார்கள். முதலில் வந்த விடை பல பக்கங்கள் நீண்டது. அப்புறம் 1986இல் அதே இருவர் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார்கள். குளுவான்களின் சுழற்சித் திசை ஒரு குறிப்பிட்ட விதத்தில் அமைந்தால், அதாவது எல்லாவற்றையும் உள்ளே வருவதாக வைத்து எண்ணும்போது இரண்டுக்கு மட்டும் எதிர்த்திசை, மீதி எல்லாவற்றுக்கும் நேர்த்திசை என்றிருந்தால், விடை ஒரே வரிதான் என்றார்கள். அந்த 220 படக் கணக்கின் ஆறு குளுவானுக்கு (உள்ளே இரண்டு, வெளியே நான்கு) மட்டுமில்லை, எத்தனை குளுவானுக்கும்.

அந்த வரி எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். இரண்டு குளுவான்களின் உந்தங்களிலிருந்து ஒரு சோடி எண் செய்யலாம். அது ஒரு கலப்பெண். பின்னத்தின் மேலே, எதிர்த்திசை உள்ள அந்த இரண்டு குளுவான்களின் சோடி எண், நான்காம் அடுக்கில். கீழே, ஒன்றும் இரண்டும், இரண்டும் மூன்றும், மூன்றும் நான்கும் என்று வரிசையாகப் போய், கடைசிக் குளுவானும் ஒன்றாவதும் வரை எல்லாச் சோடி எண்களின் பெருக்கல். அவ்வளவுதான். ஒரே ஒரு குளுவானுக்கு மட்டும் எதிர்த்திசை என்றால் விடை பூஜ்யம். எல்லாமே நேர்த்திசை என்றாலும் பூஜ்யம். அந்தப் பூஜ்யத்துக்கும் படம் வரைந்தால் அதே 220 படங்களை வரைந்து, கூட்டி, எல்லாம் அழிந்துபோவதைப் பார்க்க வேண்டும்.

டீச்சர், நீங்கள் கேட்ட 'எதற்கு' என்பதற்கு இதுதான் பதில். 220 படங்களில் ஒவ்வொன்றும், இயற்கையில் இல்லாத, நாம் கணக்குக்காகத் தேர்ந்தெடுத்துக்கொண்ட சங்கதிகளையும் சேர்த்துச் சுமக்கிறது. கூட்டும்போது அந்தச் சுமை மொத்தமும் அழிகிறது. மிஞ்சுவது ஒரு வரி. அழியப்போவதை எழுதாமலே அந்த வரிக்குப் போக வழி இருக்க வேண்டும் என்று தோன்றுமா இல்லையா? தோன்றியவர்கள் தேடினார்கள்.

சொட்டுநீர்ப் பாசனச் சாமான் கடைக்காரர், பாலக்கோடு: இதில் ஸ்ட்ரிங் தியரி எங்கே வந்து சேர்ந்தது? எனக்குக் கணக்கு வராது. படமாகச் சொல்லுங்கள் சார்.

கணக்கு வராது என்று சொல்கிறவர் கடையில் தினமும் செய்வது இணைப்புக் கணக்குத்தான் அண்ணா. உங்கள் கடைச் சாமானையே எடுத்துக்கொள்வோம். தக்காளித் தோட்டத்துக்கு லேட்டரல் குழாய் போடுகிறீர்கள். இரண்டு 'டீ' இணைப்புகளை ஒரு துண்டுக் குழாயால் சேர்த்தால் நான்கு வாய் கிடைக்கும். துண்டுக் குழாயை நெடுக்காக வைத்துச் சேர்க்கலாம், குறுக்காக வைத்தும் சேர்க்கலாம். கெட்டியான பிளாஸ்டிக் என்றால் இரண்டும் வெவ்வேறு அமைப்பு, பில்லில் தனித்தனியாகத்தான் எழுதுவீர்கள். ஃபெய்ன்மன் படங்கள் அப்படி. இப்போது நான்கு வாய் உள்ள ஒரே ஒரு மெத்தென்ற ரப்பர் உறை இருக்கிறது என்று வையுங்கள். நெடுக்காக இழுத்தால் முதல் அமைப்பு மாதிரி ஆகும். குறுக்காக இழுத்தால் இரண்டாவது மாதிரி ஆகும். பொருள் ஒன்றே. எந்த இடத்தில் 'டீ' இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது.

ஸ்ட்ரிங் தியரியைத் தமிழில் இழைக் கோட்பாடு என்போம். அதில் துகள் என்பது புள்ளி கிடையாது, மிகச் சிறிய இழை. மூடிய இழை நகர்ந்தால் அது கடந்த வழி ஒரு குழாயாகத் தெரியும். இழைகள் சேர்ந்து பிரிந்தால் அந்த ரப்பர் உறை. பல படங்கள் சேர்ந்து சொல்வதை அங்கே ஒரே பரப்பு சொல்லிவிடுகிறது.

கதை தொடங்கியதே சிதறல் வீச்சில்தான் என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். 1968இல் ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்தில் இருந்த கேப்ரியேல வெனிசியானோ என்ற இளைஞர், வலுவான விசையால் (அணுக்கருவைக் கட்டிவைக்கும் விசை) சிதறும் துகள்களுக்கு ஒரு வீச்சு எழுதினார். 18ஆம் நூற்றாண்டில் ஆய்லர் கண்டுபிடித்த பீட்டா சார்பு அப்படியே அதில் உட்கார்ந்தது. (அரூர்த் தம்பி, உன் பாடத்திட்டத்தில் காமா சார்போடு சேர்ந்து வருமே, அதே பீட்டாதான்.) நெடுக்கு வழியையும் குறுக்கு வழியையும் அந்த ஒரே சார்பு தனக்குள் வைத்திருந்தது. இப்படி ஒரு வீச்சு எந்தப் பொருளுக்குப் பொருந்தும் என்று யோசித்து, அதிர்கிற இழைக்குத்தான் என்று 1970 வாக்கில் நம்பு, நீல்சன், சஸ்கிண்ட் மூவரும் தனித்தனியாகச் சொன்னார்கள். சூத்திரம் முதலில் வந்தது. இழை பின்னால் வந்தது.

1973இல் குவார்க், குளுவான் கோட்பாடு நிலைபெற்ற பிறகு வலுவான விசைக்கு இழை வேண்டாம் என்று ஒதுக்கினார்கள். அடுத்த வருடமே அது ஈர்ப்பு விசைப் பக்கம் போய்விட்டது. ஆனால் அந்தச் சில வருடங்களில் செய்த உத்திகள் வீணாகவில்லை. முதல் உதாரணம்: 1969இலேயே பேட்டனும் சானும் திறந்த இழையின் இரண்டு முனைகளில் அடையாளம் ஒட்டும் முறையைச் சொன்னார்கள். அதன்படி பார்த்தால் குளுவான்கள் ஒரு வட்டத்தகட்டின் விளிம்பில் வரிசையாக நிற்கும். ஒவ்வொரு வரிசைக்கும் தனித்தனி வீச்சு போட்டுக் கடைசியில் சேர்க்கலாம். 1980களின் கடைசியில் இதைக் குளுவான் கணக்குக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு வரிசைக்கு ஆறு குளுவானில் 220 படங்களுக்குப் பதில் 38 போதும். பத்துக் குளுவானில் ஒரு கோடிக்குப் பதில் 12,925.

பெரிய அடி 1991இல். ஸ்வி பெர்ன், டேவிட் கோசோவர் இருவரும் வளையம் உள்ள குளுவான் கணக்கை, புள்ளித் துகளில் தொடங்காமல் மூடிய இழையில் தொடங்கினார்கள். இழையின் இழுவிசையை முடிவிலிக்குக் கொண்டுபோனால் இழை சுருங்கிப் புள்ளியாகும். அதன் கனமான அதிர்வுகள் முடிவிலாக் கனமாகிக் கணக்கைவிட்டு விலகிவிடும். மிஞ்சுவது சாதாரணக் குளுவான். ஆனால் இழை கொடுத்த ஒழுங்கு மட்டும் விடையில் தங்கிவிடும். அழிய வேண்டியவற்றில் பெரும்பகுதி எழுதுவதற்கு முன்பே அழிந்திருக்கும். இந்த வழியில் லான்ஸ் டிக்சனோடு சேர்ந்து 1993இல் ஐந்து குளுவான்களின் ஒருவளைய வீச்சை (ஒரு மூடிய வளையம் உள்ள படங்கள் தரும் வீச்சை) வெளியிட்டார்கள். அதற்கு முன் யாரும் அதை முடித்திருக்கவில்லை.

தொழிற்சாலைப் பொறியாளர், ஓசூர்: ஸ்ட்ரிங் தியரிக்குச் சோதனைச் சான்று கிடையாது என்கிறார்கள். நிரூபிக்கப்படாத ஒன்றை வைத்துப் போட்ட கணக்கை எப்படி நம்புவது?

மிகச் சரியான கேள்வி. கடிதங்களில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இதுதான்.

பெர்னும் கோசோவரும் 'உலகம் இழையால் ஆனது' என்று எங்கும் அனுமானிக்கவில்லை. இழுவிசை முடிவிலி ஆகும்போது இழைக் கோட்பாட்டுக்குள் இருந்து வருவது குளுவான் கோட்பாடேதான். அதை ஒரு கணித உண்மையாகச் சரிபார்க்கலாம், சரிபார்த்தும் இருக்கிறார்கள். நான்கு குளுவான்களின் ஒருவளைய விடையை 1986இலேயே எல்லிஸ், செக்ஸ்டன் இருவரும் பழைய படமுறையில் கஷ்டப்பட்டுப் போட்டுவைத்திருந்தார்கள். இழை வழியில் வந்த விடை அதோடு பொருந்தியது. அதோடு, இழை கொடுத்த விதிகளை இழையே இல்லாமல், துகளைப் புள்ளியாக வைக்கும் வழக்கமான புலக் கோட்பாட்டிலிருந்தே வருவிக்க முடியும் என்று 1992இல் ஸ்ட்ராஸ்லர் காட்டிவிட்டார். அதாவது அந்தச் சுருக்கம் குளுவான் கோட்பாட்டுக்குள்ளேயே ஒளிந்துதான் இருந்தது. படங்களை வரைந்துகொண்டிருந்தவரை அது கண்ணில் படவில்லை.

இயற்கை இழையால் ஆனதா என்ற கேள்வி திறந்தே இருக்கட்டும். அது இந்தக் கணக்கைத் தொடாது. என் அபிப்பிராயத்தில் இழைக் கோட்பாட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள், ஆதரிப்பவர்களும் சரி எதிர்ப்பவர்களும் சரி, இந்த வேலையைப் பற்றிச் சொல்லாமல் விடுவது நியாயம் இல்லை. பெர்ன், டிக்சன், கோசோவர் மூவருக்கும் 2014இல் துகள் இயற்பியலுக்கான சகுராய் பரிசு கிடைத்தது இந்தப் பாதையில் செய்த வேலைக்காக.

ஐ.டி. ஊழியர், தேன்கனிக்கோட்டை: பெங்களூரில் இழைக் கோட்பாட்டை வைத்துப் 'பை'க்கு (π) புதுச் சூத்திரம் கண்டுபிடித்ததாக 2024இல் செய்தி வந்ததே, உண்மையா? பெரிய விஷயமா?

உண்மை. இந்திய அறிவியல் கழகத்தில் அர்ணாப் பிரியா சாஹா, அனிந்தா சின்ஹா இருவரும் செய்தது. அவர்கள் பையைத் தேடிப் போகவில்லை. மேலே சொன்ன வெனிசியானோ வீச்சைத்தான் எடுத்தார்கள். ஆய்லர் சார்பை ஒரு தொடராக விரித்தால் வழக்கமாக நெடுக்கு வழி மட்டும் அல்லது குறுக்கு வழி மட்டும்தான் வெளிப்படையாகத் தெரியும். ஃபெய்ன்மன் படங்களில் போல இரண்டும் சேர்ந்து தெரிகிற, ஆனாலும் ஒழுங்காக ஒருங்குகிற (கூட்டக் கூட்ட ஒரே எண்ணில் போய் நிற்கிற) ஒரு தொடர் வேண்டும் என்று தேடினார்கள். கிடைத்த தொடரில் லாம்டா என்று ஒரு எண் இருக்கிறது. அதற்கு 10 வைத்தாலும் 50 வைத்தாலும் கடைசி விடை மாறாது. விடைக்கு வந்து சேரும் வேகம்தான் மாறும். அந்த வீச்சில் ஒரு குறிப்பிட்ட மதிப்பைப் போட்டபோது பை வந்து விழுந்தது.

செய்தியைப் படித்ததோடு விடாமல் நான் கால்குலேட்டரை எடுத்து உட்கார்ந்தேன். லாம்டா 10. தொடர் 4இல் தொடங்குகிறது. முதலில் சேர்க்க வேண்டிய உறுப்பு, பதினொன்றில் ஒன்றிலிருந்து மூன்றில் நான்கைக் கழித்தது (1/11 − 4/3). கூட்டினால் 2.7576. அடுத்த உறுப்பைச் சேர்த்தால் 3.2876. அப்புறம் 3.1082. அப்புறம் 3.1424. அடுத்தது 3.1426, பிறகு 3.1418, ஏழாவது உறுப்பில் 3.1416. கை எழுதிக்கொண்டே போக, எண் தானாக வந்து இறங்குகிறது. பக்கத்திலேயே கேரளத்துச் சங்கமகிராமத்து மாதவரின் தொடரையும் எழுதினேன். நான்கு, அதில் மூன்றில் நான்கு கழித்து, ஐந்தில் நான்கு கூட்டி என்று போகும் 14ஆம் நூற்றாண்டுத் தொடர் அது. ஏழு உறுப்பு தாண்டியும் 3.0171இல் நிற்கிறது. பத்துத் தசம இடங்களுக்கு அது 500 கோடி உறுப்புகள் கேட்கும். புதிய தொடரில் லாம்டாவைச் சரியாக வைத்தால் 30 போதும்.

இன்னொன்றும் பாருங்கள். முதல் உறுப்பில் அந்தப் பதினொன்று என்பது ஒன்றும் லாம்டாவும் கூடியது. லாம்டாவை மிகப் பெரிதாக்கினால் அந்தப் பின்னம் கரைந்து, மூன்றில் நான்கைக் கழிப்பது மட்டும் மிஞ்சும். அது மாதவரின் முதல் கழித்தல். மற்ற உறுப்புகளுக்கும் அதேபோல நடக்கும். லாம்டா முடிவிலிக்குப் போனால் தொடர் முழுவதுமே மாதவர் தொடர்.

பெரிய விஷயமா என்றால், பையை வேகமாகக் கணக்கிட இது தேவையில்லை. 1914இல் ராமானுஜன் கொடுத்த தொடர் ஒன்று, உறுப்புக்கு எட்டு இலக்கம் தருகிறது; அதன் பக்கத்தில் இது நிற்காது. சில செய்திகளில் அதைச் சொல்லாமல் விட்டது எனக்கு வருத்தம்தான். இதன் மதிப்பு வேறு இடத்தில் இருக்கிறது. இழை வீச்சையும் சாதாரணத் துகள் வீச்சையும் ஒரே தாளில், ஒரே விதமான உறுப்புகளில் எழுத முடியும் என்று காட்டுகிறது. பை வந்தது அந்தக் கணக்கு சரியாகப் போகிறது என்பதற்கு ஒரு நல்ல அடையாளம்.

மா விவசாயி, காவேரிப்பட்டணம்: எல்லாம் சரிங்க. இதனால எங்களுக்கு என்ன பிரயோசனம்?

உங்கள் மாந்தோப்புக்கு இதனால் ஒரு பிரயோசனமும் இல்லைங்க. அப்படி இருக்கிற மாதிரி சுற்றிவளைத்துச் சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் இது வானத்தைப் பார்க்க உதவுகிறது.

1986இல் காவாய், லெவெல்லன், டை மூவரும் மூடிய இழையின் வீச்சை இரண்டு திறந்த இழை வீச்சுகளின் பெருக்கலாக எழுதலாம் என்று கண்டார்கள். திறந்த இழை தருவது குளுவான் போன்ற துகள். மூடிய இழை தருவது ஈர்ப்பு விசையின் துகள். அதனால் ஈர்ப்புக் கணக்கைக் குளுவான் கணக்கிலிருந்து எடுத்துவிடலாம். இது எவ்வளவு பெரிய சுளுவு என்பது பழைய வழியைப் பார்த்தால் புரியும். மூன்று ஈர்ப்புத் துகள்கள் ஒரு புள்ளியில் சந்திப்பதை மட்டும் விரித்து எழுதினால் 171 உறுப்புகள் வரும். நான்கு சந்தித்தால் 2,850. 2008இல் பெர்ன், கராஸ்கோ, யோஹான்சன் மூவரும் குளுவான் கணக்கை இரட்டித்து ஈர்ப்புக் கணக்கு எடுக்கும் வழியை இன்னும் எளிதாக்கினார்கள். 2019இல் பெர்ன் குழுவினர் இந்த முறைகளை வைத்து, இரண்டு கருந்துளைகள் ஒன்றையொன்று சுற்றும்போது இருக்கும் ஈர்ப்பை அதுவரை யாரும் போகாத ஒரு படி மேலே கொண்டுபோய்க் கணக்கிட்டுக் காட்டினார்கள். கருந்துளைகள் இணையும்போது வரும் ஈர்ப்பு அலையை 2015 செப்டம்பரில் அமெரிக்காவின் 'லைகோ' கருவிகளில் முதன்முதலாகப் பிடித்தார்கள். அதே மாதிரிக் கருவியை மகாராஷ்டிராவின் ஹிங்கோலி மாவட்டத்தில் வைக்க 2023இல் மத்திய அரசு 2,600 கோடி ரூபாய் ஒதுக்க ஒப்புதல் கொடுத்திருக்கிறது. அந்தக் கருவிகள் கூர்மையாகக் கூர்மையாக, ஒப்பிட்டுப் பார்க்கத் துல்லியமான கணக்கும் வேண்டும். உங்கள் வரிப்பணமும் அதில் இருக்கிறது, அதனால் நீங்கள் கேட்டது முழுக்க நியாயம்.

பிளஸ் டூ மாணவி, பென்னாகரம்: எனக்கு இதைப் படிக்க ஆசை சார். வீட்டில் நர்சிங் அல்லது டீச்சர் டிரெயினிங் போகச் சொல்கிறார்கள். வழி என்ன?

பாப்பா, முதலில் வழியைச் சொல்கிறேன். பி.எஸ்சி. இயற்பியல் அல்லது கணிதம், நம் மாவட்ட அரசுக் கல்லூரியிலேயே படிக்கலாம். கட்டணம் பெரிதாக ஆகாது. மூன்றாம் வருடம் 'ஜாம்' தேர்வு எழுது. அதன் வழியாக ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேரலாம், இந்திய அறிவியல் கழகத்தில் முனைவர் பட்டத்தோடு சேர்ந்த படிப்பிலும் சேரலாம். எம்.எஸ்சி.க்குப் பிறகு 'ஜெஸ்ட்' தேர்வு. சென்னை தரமணியில் இருக்கும் கணித அறிவியல் நிறுவனம், பெங்களூரின் ஐ.சி.டி.எஸ். (கோட்பாட்டு அறிவியல்களுக்கான சர்வதேச மையம்) போன்ற இடங்கள் அந்த வழியாக ஆராய்ச்சி மாணவர்களை எடுக்கின்றன. ஆராய்ச்சியில் சேர்ந்துவிட்டால் மாதாமாதம் உதவித்தொகை உண்டு. அதை அப்பாவிடம் தவறாமல் சொல். வெளியே தெரியாததால்தான் பல வீடுகளில் வேண்டாம் என்கிறார்கள். இந்தத் துறையில் நிரந்தர வேலைகள் குறைவு என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடு.

படிக்க வேண்டியது என்று பார்த்தால், கலப்பெண்களை இப்போதே நன்றாகப் பிடித்துக்கொள். வீச்சுக் கணக்கின் உயிர் அங்கேதான். கல்லூரியில் கலப்பெண் பகுப்பாய்வு வரும். பரீட்சைக்கு மட்டும் படித்துவிட்டு விடாதே. ஐ.சி.டி.எஸ்.ஸில் நடக்கும் வகுப்புகளும் பேச்சுகளும் யூடியூபில் இலவசமாக இருக்கின்றன. நான் மேலே சொன்னவற்றில் 1991க்குப் பிறகு வந்த கட்டுரைகள் 'ஆர்க்கைவ்' என்ற இணையதளத்தில் கிடைக்கும். 1991இல் பால் கின்ஸ்பார்க் இந்தத் துறைக்காரர்களுக்காகவே அதைத் தொடங்கினார். காசு கேட்க மாட்டார்கள். அமெரிக்காவில் இருப்பவர் எந்த நாளில் படிக்கிறாரோ அதே நாளில் பென்னாகரத்திலும் படிக்கலாம். இந்திய அறிவியல் கழகத்தை வருடத்துக்கு ஒரு நாள் பொதுமக்களுக்குத் திறந்துவிடுவார்கள். முடிந்தால் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போ. அங்கே இருக்கும் பிள்ளைகளைப் பார்த்தால் அவருக்கு ஒரு தைரியம் வரும்.

பதினோராம் வகுப்பு மாணவர், ஊத்தங்கரை: (இவர் போன இதழைப் பார்த்துவிட்டு என்னை நேரில் கேட்டார். அப்போது நான் ஒரு கோடிப் படக் கணக்கைச் சொன்னேன்.) அந்த ஒரு கோடிப் படங்களை யாராவது உட்கார்ந்து வரைந்தார்களா சார்? வரையாமல் எண்ணிக்கை மட்டும் எப்படித் தெரியும்?

யாரும் வரையவில்லை தம்பி. 1988இல் பெரெண்ட்ஸ், கீலே இருவரும் சிறிய துண்டுகளின் விடையை வைத்துப் பெரியதைக் கட்டும் முறை ஒன்று கொடுத்தார்கள். அதில் படமே வேண்டாம். பார்க், டெய்லரின் ஒரு வரியை நிரூபித்ததும் அவர்கள்தான்.

எண்ணுவது நீ படிக்கும் சேர்மானப் பாடம்தான். மொத்தம் ஐந்து குளுவான் என்று எடுத்துக்கொள், அதாவது இரண்டு உள்ளே, மூன்று வெளியே. எல்லாச் சந்திப்பும் மும்முனைச் சந்திப்பாக இருந்தால் 15 படங்கள். ஒரு நான்முனைச் சந்திப்பும் ஒரு மும்முனைச் சந்திப்பும் இருந்தால், மும்முனையில் எந்த இரண்டு குளுவான்கள் என்று ஐந்திலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும்; அது 10. கூட்டினால் 25. ஆறு குளுவானுக்கு மும்முனை மட்டும் 105, ஒரு நான்முனை கலந்தால் இன்னொரு 105, இரண்டும் நான்முனை என்றால் ஆறையும் மூன்று மூன்றாகப் பிரிக்கும் வழிகள் 10. மொத்தம் 220. ஐந்துக்கான 25ஐ மட்டும் நோட்டில் வரைந்து பார். 15 ஏன் 15 என்று விளங்கிவிட்டால் முதல் 105 தானாக வரும். இரண்டாவது 105க்குக் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். வரவில்லை என்றால் எழுது, அடுத்த இதழில் படத்தோடு போடுகிறேன்.